49 அடி: 1997 ரெட் ரிவர் வெள்ளம், ஒரு நிகழ்வு ஆய்வு

1997 பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே எண்தான். 49. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ரெட் ரிவர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் அது. அந்த வசந்தத்தில் ஆறு 49 அடிவரை ஏறும் என்று தேசிய வானிலைச் சேவை அறிவித்திருந்தது. நகராட்சி அதற்கு மேல் இரண்டு மூன்று அடி சேர்த்துக் கரைகளை உயர்த்தியது. மக்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து மணல் மூட்டை கட்டினார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரம் முடிந்தபோது ஆறு 54.35 அடியில் நின்றது. அந்த ஐந்தே கால் அடி வித்தியாசத்தில் சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர் காலியானது. நகரின் நடுப்பகுதி வெள்ளத்தில் நின்றபடியே தீப்பிடித்து எரிந்தது.

நமக்கு வெள்ளம் என்றால் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் கொட்டும், ஏரி நிரம்பும், மதகு திறப்பார்கள். பனி உருகி வரும் வெள்ளம் வேறு மாதிரி. மேகமே இல்லாத, வெயில் அடிக்கிற நாளில் ஆறு ஊருக்குள் வரும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இது மாதக்கணக்கில் சொல்லிவிட்டு வருகிற வெள்ளம். வரப்போகிற தண்ணீர் முழுவதும் வயல்களின் மேல் வெள்ளையாகக் கண்ணெதிரே கிடக்கிறது. விமானத்தில் போய் அதை அளக்கக்கூட முடியும். அப்படியும் ஒரு நகரம் எப்படி ஏமாந்தது? இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

வடக்கே ஓடும் ஆறு

அமெரிக்காவில் ரெட் ரிவர் என்ற பெயரில் தெற்கே இன்னொரு ஆறும் இருப்பதால், இதை வடக்கின் ரெட் ரிவர் என்பார்கள். வாபெட்டன், பிரெக்கன்ரிட்ஜ் என்ற இரட்டை ஊர்களில் இரண்டு சிற்றாறுகள் சேர்ந்து இது பிறக்கிறது. வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் எல்லையாக ஓடி, ஃபார்கோ, கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்களைத் தாண்டி, கனடாவுக்குள் நுழைந்து, வினிபெக் நகர் வழியாக வினிபெக் ஏரியில் கலக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்பதுதான் இதன் முதல் சிக்கல். மார்ச் கடைசியில் தெற்கே வெயில் ஏறிப் பனி உருகத் தொடங்கும்போது, வடக்கே ஆற்றின் மேல் இன்னும் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கீழே வாசல் திறந்திருக்காது.

இரண்டாவது சிக்கல் தரை. இந்தப் பள்ளத்தாக்கைப் பள்ளத்தாக்கு என்று சொல்வதே சம்பிரதாயத்துக்குத்தான். பனியுகத்தின் கடைசியில் இங்கே அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி இருந்தது. அந்த ஏரி வடிந்துபோன பிறகு மிஞ்சிய அடிமண்தான் இன்றைய தரை. தட்டில் தேய்த்த மாவு போலச் சமதளம். பல இடங்களில் ஒரு மைல் ஓடினால் ஆறு இறங்குவது சில அங்குலம்தான். கரை தாண்டிய தண்ணீர் ஓடிவிடாமல் பரவி உட்கார்ந்துவிடும். மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டது போல இருக்கும் பண்ணைச் சாலைகளே தண்ணீரை மறிக்கும் வரப்புகளாகிவிடும். சாலைக்கு அடியில் இருக்கும் குழாய்ப் பாலங்களில் பனிக்கட்டி அடைத்திருந்தால், வயல்கள் ஒவ்வொன்றும் ஓர் ஏரி.

அது வளமான கரிசல். கோதுமையும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் செழித்து வளரும் மண். குடியேறியவர்கள் ஆற்றை ஒட்டியே ஊர் அமைத்ததற்கு அந்த வளமும் ஒரு காரணம்.

எட்டுப் பனிப்புயல்

1996 இலையுதிர் காலத்தில் மழை அதிகம். மண் ஈரத்தோடு உறைந்தது. ஈரத்தோடு உறைந்த மண் சிமென்ட் தளம் மாதிரி. வசந்தத்தில் மேலே உருகும் தண்ணீரை உறிஞ்சாது. அப்புறம் நவம்பரிலிருந்து புயல் மேல் புயல். உள்ளூர் நாளிதழான கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் பனிப்புயல்களுக்கு ஆங்கில அகர வரிசைப்படி பெயர் வைத்தது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் எட்டாம் எழுத்துவரை போய்விட்டது. ஃபார்கோவில் மட்டும் அந்தப் பருவத்தில் 117 அங்குலம் பனி விழுந்தது. கிட்டத்தட்ட பத்தடி.

பனியின் உயரத்தை வைத்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது. புதுப்பனி பத்து அங்குலம் உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் தண்ணீர் வரும். இறுகிய பழைய பனியில் அதைவிட அதிகம். அதனால் பனிக்குள் இருக்கும் நீரின் அளவைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் அதற்கு ஓர் அழகான முறை இருக்கிறது. மண்ணிலிருந்து இயற்கையாகவே கொஞ்சம் காமாக் கதிர் வெளிவருகிறது. மேலே நீர் கூடக்கூட அந்தக் கதிர் மங்கும். சிறு விமானத்தில் தாழப் பறந்து கதிரை அளந்தால், எவ்வளவு நீர் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆக, தண்ணீர் இருப்பது தெரியும். எந்த வேகத்தில் உருகும் என்பதுதான் மிச்சம். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்தால் ஆறு நிதானமாகச் சுமந்துகொண்டு போய்விடும். இரவிலும் குளிர் விட்டுப்போனாலோ உருகும் பனிமேல் மழை பெய்தாலோ எல்லாம் ஒரே நேரத்தில் வரும். 1997-இல் ஏப்ரல் 4 முதல் 6 வரை, ஏற்கெனவே பனி உருகத் தொடங்கியிருந்த நேரத்தில், எட்டாவது புயலான ஹன்னா வந்தது. முதலில் உறைமழை, அப்புறம் பனி. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வெள்ளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஊர்கள் மின்சாரம் இல்லாமல் குளிரில் உட்கார்ந்திருந்தன. தெற்கே பிரெக்கன்ரிட்ஜில் ஆறு அதற்குள் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

ஓர் எண் எப்படி உறுதியானது

பிப்ரவரியில் வானிலைச் சேவை கொடுத்தது உண்மையில் இரண்டு எண்கள். இனி பனியோ மழையோ விழாவிட்டால் 47.5 அடி, வழக்கமான அளவு விழுந்தால் 49 அடி. இரண்டுமே நிபந்தனையோடு சொன்னவை. ஆனால் அது ஊருக்குள் பரவியபோது நிபந்தனை உதிர்ந்துவிட்டது. பெரிய எண் மட்டும் தங்கியது. சிலருக்கு 49 என்பது ஆறு நிச்சயமாகத் தொடப்போகும் அளவு. சிலருக்கோ அதற்கு மேல் போகவே போகாது என்ற உச்சவரம்பு.

அதற்கு ஊரின் ஞாபகமும் ஒரு காரணம். 1979-இல் ஆறு 48.8 அடிவரை வந்திருந்தது. அந்த வருடம் மூட்டை அடுக்கி ஊரைக் காப்பாற்றியவர்கள் நிறையப் பேர் இன்னும் அங்கேயே இருந்தார்கள். 49 என்றதும், “எழுபத்தொன்பதில் பார்த்ததுதானே, கொஞ்சம் கூட” என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டது. வெள்ளக் காப்பீடு வாங்கச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். கரை தாங்கும் என்று நம்பிய பெரும்பாலானோர் வாங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீடு, வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக நடைமுறைக்கு வரும். ஏப்ரலில் பயம் வந்தபோது நேரம் கடந்திருந்தது.

கணிப்பு ஏன் தவறியது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பது ஒரு கணக்கு. அந்தத் தண்ணீர் எத்தனை அடி உயரம் ஏறும் என்பது இன்னொரு கணக்கு. முந்தைய வெள்ளங்களில் எடுத்த அளவுகளை வைத்து இந்த இரண்டையும் இணைக்கும் ஒரு வளைகோடு வரைவார்கள். பழைய அளவுகள் இருக்கும்வரை கோடு நம்பகமானது. அதைத் தாண்டினால், இதே போக்கில் போகும் என்று நீட்டித்துக்கொள்ள வேண்டியதுதான். 1897-இல் ஆறு 50 அடியை ஒட்டி ஏறியிருந்தாலும், அன்று இருந்த ஊர் வேறு, பாலங்கள் வேறு. 1997-இல் இரண்டு கரையிலும் உயர்த்தப்பட்ட மண்கரைகள் ஆற்றை நெருக்கின. பாலங்கள் தண்ணீரைப் பிடித்து நிறுத்தின. அகலமாகப் பரவ இடமில்லாத தண்ணீர் உயரமாக ஏறியது. நீட்டித்த கோடு காட்டியதைவிட உண்மையான கோடு செங்குத்தாக இருந்தது. இது போதாதென்று, ஊருக்கு எதிர்க்கரையில் வந்து சேரும் ரெட் லேக் ஆறும் அதே நாட்களில் பெருகி வந்தது. இரண்டு ஆறு கூடும் இடம் என்பதால்தான் அந்த ஊருக்கே கிராண்ட் ஃபோர்க்ஸ், அதாவது பெரிய கிளைகள், என்று பெயர்.

பழைய வசந்தங்களில் இத்தகைய முன்கணிப்புகள் எத்தனை அடி பிசகியிருந்தன என்பது பதிவுகளில் இருந்தது. அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், “49, ஆனால் பல அடி கூடவோ குறையவோ போகலாம்” என்று ஊர் கேட்டிருக்கும். அப்போது கரையை 52 அடிக்குக் கட்டினால் போதுமா என்று நகராட்சி தன்னையே கேட்டிருக்கும். பொறியியல் பிழையைவிட இந்தச் சொல்லாமல் விட்டதைத்தான் நான் பெரிய பிழையாகப் பார்க்கிறேன். ஆற்றைச் சரியாகக் கணிப்பது சில வருடங்களில் முடியாமல் போகலாம். நமக்கு எவ்வளவு தெரியாது என்று ஊருக்குச் சொல்வது எல்லா வருடமும் முடியும்.

ஏப்ரல் நடுவில்தான் எண் 50 ஆனது. பிறகு அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போனது. மூட்டை அடுக்குகிறவர்களின் கைக்கு முன்னால் எண் ஓடியது.

வெள்ளி, சனி

ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. லிங்கன் டிரைவ் என்ற தாழ்வான குடியிருப்பில் முதலில் கரை கசிந்தது, அப்புறம் தண்ணீர் கரைக்கு மேலேயே வழிந்தது. அபாயச் சங்கு ஊத, ஊத, மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பகுதியைக் காலி செய்து அடுத்த பகுதிக்கு அனுப்பினால், சில மணி நேரத்தில் அந்தப் பகுதியும் காலி. மேயர் பாட் ஓவன்ஸ் நகரம் முழுவதையும் வெளியேறச் சொல்லும் முடிவுகளை எடுத்தார். எதிர்க்கரையில் இருக்கும் ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஒரு சில வீடுகள் தவிர எல்லாமே மூழ்கின. பக்கத்து விமானப்படைத் தளத்தின் விமானக் கொட்டகைகளில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தையே அத்தோடு முடித்துக்கொண்டது.

சனிக்கிழமை பிற்பகல் நகர நடுவில் ஒரு கட்டடத்தில் தீ. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர், ஆனால் தீயணைப்புக் குழாய்களில் அழுத்தம் இல்லை. தண்ணீர்ப் பம்புகள் மூழ்கியிருந்தன. வெளியேறாமல் தங்கியிருந்த சிலரை முதலில் இறக்கிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. தீயணைப்பு வண்டிகளைப் பெரிய டிரெய்லர் லாரிகளில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் மேலே ஊற்றினார்கள். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் நின்ற வீரர்களின் உடல் விறைத்துப்போனது. 11 கட்டடங்கள் எரிந்தன. அதில் ஹெரால்ட் நாளிதழின் கட்டடமும் ஒன்று. பத்திரிகைக்காரர்கள் மான்வெல் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பக்கம் தயாரித்து, செயின்ட் பால் நகரில் அச்சடித்து, ஒரு நாள்கூட நிறுத்தாமல் முகாம்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டை இழந்தவன் தன் தெரு என்ன ஆனது என்று படித்துத் தெரிந்துகொண்டது அந்தத் தாளில்தான். 1998-இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசு இதைவிடப் பொருத்தமான இடத்துக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு பெரிய வெளியேற்றம் நடந்த நகரத்துக்குள் வெள்ளம் ஒருவரையும் அடித்துக்கொண்டு போகவில்லை. எண்ணில் தவறிய ஊர், போ என்றபோது போனதில் தவறவில்லை.

கீழே வினிபெக்

அதே தண்ணீர் இரண்டு வாரம் கழித்து வினிபெக்கை அடைந்தது. அங்கே கதை வேறு. 1950-இல் அந்த நகரம் இதே ஆற்றால் பெரும் அடி வாங்கி, சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு மானிடோபா மாகாண முதல்வர் டஃப் ராப்ளின், நகரைச் சுற்றி ஆற்றுக்கு ஒரு மாற்றுப்பாதை வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 47 கிலோமீட்டர் நீளம், 6.3 கோடி கனடிய டாலர். வீண்செலவு என்று எதிர்த்தவர்கள் அதற்கு டஃபின் குழி என்று பெயர் வைத்தார்கள். 1962-இல் தொடங்கி 1968-இல் முடிந்த அந்தக் குழிதான் 1997-இல் நகரைக் காப்பாற்றியது. அதுவும் தனியாகக் காப்பாற்றவில்லை. தென்மேற்கிலிருந்து சமதளத்தில் பரவி வரும் தண்ணீர் கால்வாயைச் சுற்றி வந்துவிடும் என்று கடைசி நேரத்தில் கணக்குப் போட்டு, சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒரு மண்கரையைச் சில நாட்களிலேயே இரவு பகலாக எழுப்பினார்கள். அதன் வடிவத்தைப் பார்த்து இசட் கரை என்று பெயர். தெற்கே செயின்ட் அகாத் என்ற சிற்றூர் ஆற்றையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. தண்ணீர் பின்பக்கத்து வயல் வழியாக வந்து ஊரை முழுக்கியது.

தண்ணீரின் குளிர்

ஆள் உயிர் போவது இப்படிப்பட்ட பெரிய நாட்களில் மட்டும் கிடையாது. மார்ச்சில், ஒரு சாதாரண ஓடைக்கரையிலும் போகும். அதனால்தான் இந்தப் பகுதியை ஆய்வில் சேர்க்கிறேன். டொரொன்டோவில் ரூஜ் ஆறும் ஹைலண்ட் ஓடையும் ஓடும் ஸ்கார்பரோ பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வருடா வருடம் பனி உருகும்போது பிள்ளைகளை ஓடைப்பக்கம் விடாதீர்கள் என்று அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

பனி உருகிய நீர் கொல்வது எப்படி என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் இதே ரெட் ரிவர் கரையில் இருக்கும் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட். தானே பலமுறை உறைநீரில் இறங்கிச் சோதித்தவர். அவர் சொல்லும் கணக்கு 1–10–1. விழுந்த முதல் நிமிடத்தில் உடல் அதிர்ந்து தன்னாலேயே பெரிதாக மூச்சை இழுக்கும்; அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். நீச்சல் தெரிந்தவர்களும் இதில்தான் போகிறார்கள். ஆகவே அந்த ஒரு நிமிடம் நீந்த முயலாமல், தலையை மேலே வைத்து மூச்சைப் பிடிக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த 10 நிமிடம் கை கால் ஒத்துழைக்கும். கரையேற வேண்டியது அதற்குள். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்து மூழ்கிவிடுவோம்.

பனிக்கட்டிமேல் நடக்கும் பழக்கமும் வசந்தத்தில் ஆபத்து. ஜனவரியில் நான்கு அங்குலத் தெளிந்த கட்டி ஒரு ஆளைத் தாங்கும். ஏப்ரலில் அதே தடிமன் மெழுகுவத்திக் கட்டு மாதிரி செங்குத்தாகப் பிளந்து கிடக்கும். கால் வைத்தால் உதிரும். ஓடும் ஆற்றில் கட்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருப்பதால் மேலே நின்று பார்த்து எதுவும் தெரியாது. நாய் விழுந்துவிட்டது என்று பின்னாலேயே போனவர்கள் பலர். கரையில் படுத்துக்கொண்டு கயிறோ கம்போ நீட்டுங்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

கார் இன்னொன்று. ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தாலே பெரியவர் தடுமாறி விழலாம். ஓர் அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். ரெட் ரிவர் மாதிரித் தட்டையான நாட்டில் தண்ணீர் அசையாதது போலத்தான் தெரியும். அடியில் சாலை அரித்துப்போயிருப்பது தெரியாது. தடுப்பு வைத்த சாலையில், எனக்குத் தெரிந்த வழிதானே என்று ஓட்டாதீர்கள்.

பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை பற்றியும் ஒரு வார்த்தை. கிராண்ட் ஃபோர்க்ஸில் பல வீடுகளுக்குத் தண்ணீர் தெரு வழியாக வருவதற்கு முன்பே சாக்கடைக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறியது. வடிந்த பிறகு அவசரப்பட்டு மொத்தத்தையும் பம்பு வைத்து இறைத்தால், வெளியே ஊறிய மண் தள்ளிச் சுவர் உள்பக்கமாக இடிந்து விழும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைக்கச் சொல்வது அதற்காகத்தான். மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகத் தெரியாமல் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

பிறகு

மக்கள் திரும்பி வர நாளானது. குடிதண்ணீர் வாரக்கணக்கில் இல்லை. அப்போது பெயர் சொல்லாத ஒருவர் குடும்பத்துக்கு 2,000 டாலர் என்று 1.5 கோடி டாலர் கொடுத்தார். ஊர் அவரைத் தேவதை என்று அழைத்தது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை வளர்த்த ரே கிராக்கின் மனைவி ஜோன் கிராக்தான் அவர் என்று பின்னர் தெரிந்தது. காப்பீட்டுப் படிவமும் அரசு படிவமும் நிரப்பிக் காத்திருந்தவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கைக்கு வந்த பணம் அது.

வானிலைச் சேவை தன் வசந்தகால முன்கணிப்பின் வடிவத்தையே மாற்றியது. இப்போது ஒற்றை எண் வருவதில்லை. இந்த மட்டத்தைத் தாண்ட இத்தனை சதவீதம் வாய்ப்பு, அதற்கு மேல் போக இத்தனை சதவீதம் என்று அடுக்காக வருகிறது. பார்த்தால் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். அந்தக் குழப்பம் ஊருக்கு அவசியம் என்றே நினைக்கிறேன்.

நகரம் எடுத்த முடிவு கடினமானது. ஆற்றுக்கு மிக அருகே இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். லிங்கன் டிரைவ் ஒரு குடியிருப்பாக இருந்தது, இப்போது பூங்கா. தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு அது இரண்டாவது இழப்பு. கரைகளைப் பின்னால் தள்ளிக் கட்டி, இரு ஊர்களுக்கும் நடுவே சுமார் 2,200 ஏக்கரை ஆறு பரவிக்கொள்ள விட்டுவிட்டார்கள். 40 கோடி டாலருக்கு மேல் செலவான அந்த வேலை 2007-இல் முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 2009 ஏப்ரல் 1 அன்று, ரெட் ரிவர் கிராண்ட் ஃபோர்க்ஸில் 49 அடியைத் தாண்டியது. பூங்காவின் நடைபாதைகள் மூழ்கின. கரைக்கு இந்தப் பக்கம் வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.